ஃபவுண்ட் ஆப்ஜெக்ட் நகை: தமிழில் என்ன சொல்வது?

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையில் போனால், நின்றுபோன கைக்கடிகாரம், கைப்பிடி உடைந்த கோப்பை, பூட்டைத் தொலைத்த சாவி எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். என் அண்ணன் மகள் நகை செய்யப் பொருள் வாங்குவது அங்கேதான். கடிகாரத்தின் பல்சக்கரம் அவள் கையில் காதுத் தொங்கலாகும். நீலப்பூ போட்ட பீங்கான் சில்லு, விளிம்பை ராவி வெள்ளிக் கம்பி கட்டியதும் பதக்கமாகும்.

போன மாதம் அட்டை அச்சடிக்கும்போது கேட்டாள்: "அத்தை, இங்கிலீஷ்ல ஃபவுண்ட் ஆப்ஜெக்ட் ஜுவல்லரின்னு போட்டுட்டேன். தமிழ்ல என்ன போடறது?" யாரோ அவளுக்குக் 'கழிவு நகை' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஆங்கிலச் சொல்லே பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். 'ஒப்ஜே த்ரூவே' என்றால் கண்டெடுத்த பொருள். 1913இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் ஒரு சைக்கிள் சக்கரத்தை ஸ்டூல் மேல் பொருத்தி வைத்தார். 1917இல் ஒரு சிறுநீர்க் கலத்தையே சிற்பமென்று கண்காட்சிக்கு அனுப்பினார். ஏற்கெனவே இருக்கும் பொருளை ஒருவர் கண்டு, தேர்ந்து, வேறு இடத்தில் வைப்பதும் கலைதான் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. சொல்லின் உயிர் அந்தக் 'காணுதலில்' இருக்கிறது. 'கழிவு' என்று சொன்னால் பொருளின் பழைய கதி மட்டும் மிஞ்சும், கண்டவரின் கண் காணாமல் போய்விடும்.

நகைக்கலையிலும் பழைய எண்ணங்கள் உடைந்தன. 1967இல் நெதர்லாந்தின் கைஸ் பாக்கர் அடுப்புப் புகைக்குழாய் வடிவில் அலுமினியக் கழுத்தணி செய்தார். 1980இல் சுவிட்சர்லாந்தின் ஓட்டோ கூன்ஸ்லி ஒரு தங்க உருண்டையைக் கறுப்பு ரப்பர் வளையத்துக்குள் மறைத்து வைத்தார். வெளியே ஒரு புடைப்பு மட்டும் தெரியும். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'தங்கம் குருடாக்கும்'. இவை கண்டெடுத்தவை அல்ல, ஆனாலும் தங்கம்தான் நகை என்ற பிடிவாதத்தை உடைத்தவை. பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, தங்கத்துக்கு மேல் ரப்பர் ஏறி நிற்கும் அந்த வளையத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 'நகை' என்பது நகு என்ற வினையிலிருந்து வந்தது. சிரிப்பு, ஒளி இரண்டும் அதன் பொருள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை, அங்கே அது சிரிப்பு. ஆபரணம் என்ற பொருள் பிற்பாடு வந்தது. ஆங்கில ஜுவல் என்ற சொல்லின் வேரையும் விளையாட்டு, கேலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லோடு பல அகராதிகள் இணைப்பது ஓர் அழகான பொருத்தம்.

ஆனால் நம் பழைய நகைப் பெயர்கள் பலவும் கண்டெடுத்த பொருளின் பெயர்களே. தோடு என்றால் பனையோலை, பூவிதழ். ஓலையைச் சுருட்டிக் காதில் செருகியதால் அது காதணியின் பெயராயிற்று. ஆடிப்பெருக்குக்குத் தமிழ்நாட்டில் விற்கும் காதோலை கருகமணியில் அந்த ஓலை இன்னும் இருக்கிறது. குழை என்றால் தளிர், காதணியும் குழைதான். வளை என்றால் சங்கு. சங்கை அறுத்துச் செய்ததால் கையில் போட்டதும் வளை. கொற்கையிலும் கீழடியிலும் மண்ணுக்கடியில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சங்கப் பாட்டில் சிறுவர் கழுத்தில் கிடப்பது புலிப்பல் தாலி. காசுமாலையைக் கேட்கவே வேண்டாம், செலவழிக்க வேண்டிய நாணயம் கழுத்துக்கு ஏறியது அது. நாம் தங்கம் எண்ணும் 'பவுன்' கூட பிரிட்டிஷ் பவுண்டு நாணயம்தான்.

அப்புறம், எந்தச் சொல் வேண்டாம் என்பதும் முக்கியம். 'கவரிங்' ஆகாது. அது தங்கம் போலத் தெரியப் பூச்சுப் பூசியது, இதுவோ தன் பழைய முகத்தை மறைக்காதது. 'மறுசுழற்சி நகை' உருக்கி வார்த்ததைக் குறிக்கும், இங்கே சாவி சாவியாகவே இருக்கிறது. 'நகை' என்று முடித்தாலும் சிக்கல்தான். லிட்டில் இந்தியாவில் நகைக்கடை என்றால் எல்லாருக்கும் தங்கக்கடை. 'அணி' அப்படியில்லை. அணிவது எதுவானாலும் அணி.

ஆகவே என் பரிந்துரை: கண்டெடுத்த அணி. பொருளை மட்டும் சொல்லும்போது கண்டெடுத்த பொருள். சுருக்கிக் 'கண்டெடுப்பணி' என்று எழுத வேண்டாம், படிப்பவர் கண்ணில் 'பணி' என்றே விழும். 'சாகா விதையில் செய்த கண்டெடுத்த அணி' என்று எழுதலாம். இங்கே சாலையோரம் உதிரும் அந்தச் சிவப்பு விதைக்குத் தமிழில் ஆனைக்குன்றிமணி என்று பெயர். கறுப்புக் கண் வைத்த சின்னக் குன்றிமணி நஞ்சு, அதைத் துளைத்துக் கோக்க வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "லோரோங் கூலிட்ல காசு குடுத்துத்தானே வாங்குறேன் அத்தை, அது எப்படிக் கண்டெடுத்ததாகும்?" கண்டெடு என்பதில் இரண்டு வினை இருக்கிறது என்றேன். அந்தச் சாவியை அன்று காலை எத்தனையோ பேர் தாண்டிப் போயிருப்பார்கள். கண்டது அவள், எடுத்ததும் அவள்.