அமுக்குவான் பேயும் நைட் ஷிப்டும்

சென்னையை அடுத்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டலில் தங்கித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் கொஞ்சம் பழகினால் இது காதில் விழும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார்கள். திடீரென்று விழிப்பு வரும். மேலே ஃபேன் சுற்றுவது தெரியும், பக்கத்துக் கட்டிலில் ஒருவன் போன் பேசுவதும் கேட்கும். ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது. யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அழுத்துவார்கள். கத்தினால் குரல் எழும்பாது. சில விநாடிகளோ ஓரிரு நிமிடமோ கழித்து விடுபட்டால் உடம்பெல்லாம் வியர்வை. நம் ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். தலையணைக்கு அடியில் இரும்பு, கட்டிலுக்குக் கீழே செருப்பு அல்லது விளக்குமாறு என்று பரிகாரமும் கையோடு சொல்வார்கள்.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. அந்த அறைக்கு இந்தப் பேய் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. "தலை வலிக்குது சிஸ்டர்", "தூக்கமே இல்ல", "ரூம் மாத்தித் தரச் சொல்லுங்க" என்றுதான் வரும். பேய் என்றால் சிரிப்பார்களே என்ற கூச்சம். அதையும் மீறிச் சொன்னால், "அதெல்லாம் கனவு, போய்ப் படு" என்ற பதில் கிடைக்கும். பகுத்தறிவுப் பதில் மாதிரித் தெரிந்தாலும் அது பாதிதான் சரி. அந்தப் பையன் வெறும் கனவு காணவில்லை, விழித்தும் இருந்தான். ஃபேன் சுற்றியதை அவன் பார்த்தது நிஜம்.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும், மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு. ரெம் தூக்கம் என்பது இதுதான். துலக்கமான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருகின்றன. கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிட்டால் ஆபத்தாயிற்றே! அதனால் மூளைத்தண்டு தசைகளுக்குத் தடை போட்டுவிடுகிறது. தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் அடக்கி வைக்கின்றன. கண்ணைச் சுழற்றும் தசைகளுக்கும், மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. விழிக்கும்போது தடை நீங்குவதும் நினைவு திரும்புவதும் வழக்கமாக ஒன்றாகவே நடக்கும். சில சமயம் நினைவு முந்திக்கொள்ளும். மருத்துவர்கள் இந்த நிலையை ஸ்லீப் பாரலிசிஸ், அதாவது தூக்க முடக்கம் என்கிறார்கள்.

நெஞ்சில் ஏறும் சுமைக்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. உதரவிதானம் வேலை செய்வதால் மூச்சு நிற்காது. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் தளர்ந்து கிடப்பதால், பயந்துபோய் ஆழமாக இழுக்கப் பார்த்தால் இழுக்க வராது. யாரோ அழுத்துகிறார்கள் என்றுதான் மூளை அதைப் புரிந்துகொள்கிறது. பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அந்த நேரம் முழு உஷாரில் இருக்கும். கலையாத கனவின் மிச்சம் அறைக்குள் ஓர் உருவமாக நிற்கும்.

சரி, நைட் ஷிப்டுக்கு வருவோம். ரெம் தூக்கத்துக்கான உந்துதல் உடல் கடிகாரத்தோடு கட்டுண்டது. விடியற்காலையிலும் காலையிலும்தான் அது உச்சத்தில் இருக்கும். இரவு படுப்பவருக்கு முதல் ரெம் கட்டம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூக்கம் கெட்டு, காலை எட்டு மணிக்குப் படுப்பவர் சீக்கிரமே அதற்குள் விழுந்துவிடலாம். கூடவே வெயில், ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன், அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பும் ரூம்மேட்டின் அலாரம். நடுவே கலையும் ஒவ்வொரு தடவையும் அமுக்குவானுக்கு வாய்ப்புதான். ஜப்பானில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில், தூங்குபவர்களை வேண்டுமென்றே இடையில் எழுப்பி, மறுபடி தூங்கவிட்டு, ஆய்வகத்திலேயே இந்த முடக்கத்தை வரவழைத்துக் காட்டினார்கள். அந்தப் பேய்க்கு மயானம் தேவைப்படவில்லை, அலாரம் போதுமானதாக இருந்தது.

இது அபூர்வமும் அல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கட்டுரை, வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் சுமார் 8 சதவீதம், மாணவர்களில் 28 சதவீதம் என்கிறது.

அப்படியானால் நம்பிக்கைக்கு இதில் பங்கே இல்லையா? நிறைய இருக்கிறது. எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டு 2013இல் வந்த ஓர் ஆய்வில், எகிப்தியர்கள் பலர் இதற்கு ஜின் என்ற ஆவியைக் காரணம் காட்டினார்கள். செத்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு அதிகமாக இருந்தது, முடக்கமும் கூடுதல் நேரம் நீடித்ததாகச் சொன்னார்கள். பயந்தவர் தூங்க அஞ்சுவார், தூக்கம் குறையும், குறைந்தால் முடக்கம் இன்னும் வரும். ஹாஸ்டலில் ஒருவன் சொன்னதைக் கேட்டு நாலு பேர் லைட்டைப் போட்டுக்கொண்டு அரைத்தூக்கம் தூங்கினால், அந்த அறைக்குக் கெட்ட பெயர் வர அதிக நாள் ஆகாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் பரிகாரம்தான். "ஊருக்குப் போய் மந்திரிச்சுட்டு வந்தேன், சரியாப் போச்சு" என்பார்கள். பொய் சொல்லவில்லை, சரியாகத்தான் போயிருக்கும். மாங்காடு அம்மன் கோயில் கயிறோ, அண்ணா சாலை தர்காவில் ஓதிய தண்ணீரோ, பெசன்ட் நகர் மாதா கோயில் ஜெபமோ பயத்தைத் தணிக்கும். ஊருக்குப் போனவருக்கு அதோடு சேர்த்து இன்னொன்றும் கிடைக்கிறது: அம்மா வீட்டில் இரவில் படுத்து இரவிலேயே தூங்கிய சில நாட்கள். திரும்பி வந்து மறுபடி நைட் ஷிப்ட் ஏறியதும் பேயும் திரும்பும். கயிறு சக்தி இழந்துவிட்டது என்று அடுத்த மந்திரவாதிக்குப் பணம் போகும்.

கயிறே சில நேரம் தகராறாகும். சுழலும் இயந்திரத்தின் அருகே மணிக்கட்டில் தொங்கும் கயிறு கையையே இழுத்துக்கொள்ளும். கழற்றச் சொன்னால் பையன் மறுப்பான், சூப்பர்வைசருக்கு அது ஒழுங்கீனம். அரைஞாணோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னால் இரண்டு பக்கமும் காரியம் முடிந்தது.

ஹார்வர்டைச் சேர்ந்த ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர், 1978இல் சகாக்களுடன் எழுதிய கட்டுரையில் நோயாளியிடம் சில கேள்விகளைக் கேட்கச் சொன்னார். இது எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது தொடங்கியது? எதற்குப் பயப்படுகிறீர்கள்? நம் மருத்துவ அறையில் "உனக்கு எதனாலன்னு தோணுது தம்பி?" என்று ஒரு சிஸ்டர் கேட்டால் போதும், தலைவலிக்குப் பின்னால் இருப்பது வெளியே வரும். அப்புறம் கயிறு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லலாம். ஜன்னலுக்குக் கனமான திரை போடச் சொல்லலாம். முடக்கம் வந்தால் திமிறாமல் மெதுவாக மூச்சு விட்டு, கட்டைவிரலை மட்டும் அசைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பேய்க் கதைக்குள் வேறு நோய் ஒளிந்திருக்கலாம். சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து, பகலில் அடக்க முடியாத தூக்கமும் வந்தால் அது நார்கோலெப்ஸி என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. தூக்கத்தில் நாக்கைக் கடித்திருந்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அதற்கும் தனிப் பரிசோதனை உண்டு.

இந்தப் புகார்களை மருத்துவ அறைப் பதிவேட்டில் குறிக்கும்போது, அந்த வாரம் எந்த ஷிப்ட் என்பதையும் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது. காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி மாறும் ஷிப்டைத் தலைகீழாக மாறுவதைவிட உடல் எளிதாக ஏற்கிறது. ஷிப்ட் அட்டவணை போடும் மேனேஜரிடம் இதைப் பேசப் போகும்போது, அந்தப் பதிவேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.