ஜர்னிமேன்: சொல்லும் பொருளும்

அமெரிக்க பேஸ்பாலில், அணி விட்டு அணி போய்க்கொண்டே இருக்கும் ஆட்டக்காரரை ஜர்னிமேன் என்பார்கள். ஜர்னி என்றால் பயணம்தானே, ஊர் ஊராகப் போகிறவருக்குப் பொருத்தமான பெயர் என்று தோன்றும். ஆனால் சொல்லின் வேர் பயணத்தில் இல்லை. பிரெஞ்சு மொழியில் ஜூர்னே என்றால் ஒரு நாள்; ஒரு நாள் வேலையையும் அது குறித்தது. தொழில் பழகி முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், நாள் கணக்கில் கூலி பெற்றுப் பிறரிடம் வேலை செய்த கைவினைஞரே அந்தக் காலத்து ஜர்னிமேன். நம் கட்டட வேலையில் சித்தாளுக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நிற்கும் கொத்தனாரைப் போல. வேலை தெரிந்தவர், ஆனால் முதலாளி அல்ல.

விளையாட்டுக்கு வந்தபோது இதில் கொஞ்சம் இளக்காரமும் சேர்ந்துகொண்டது: பரவாயில்லாத ஆட்டக்காரர், நட்சத்திரம் இல்லை என்று. எட்வின் ஜாக்சனின் கதையைப் படித்தால் அந்த இளக்காரம் நியாயமே இல்லை என்பது புரியும். 2003 செப்டம்பர் 9 அன்று, தன் 20ஆவது பிறந்தநாளில், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, முதன்முதலில் களமிறங்கினார். எதிரணியில் பந்து வீசியவர் மாபெரும் பிட்சர் ராண்டி ஜான்சன். வென்றவர் ஜாக்சன். 2010 ஜூனில் அரிசோனா அணிக்காக 149 பந்துகள் வீசி, தன் பழைய அணியான டாம்பா பேவுக்கு ஒரு ஹிட்கூட (மட்டையாளர் பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) தராமல் ஜெயித்தார். 2011 ஜூலையில் சிகாகோ வைட் சாக்ஸ் அவரை டொரான்டோவுக்குக் கைமாற்ற, டொரான்டோ அன்றே செயின்ட் லூயிஸுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ், அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. அன்று ஒரு பந்துகூட வீசாமல் கடந்துபோன டொரான்டோவுக்கே 2019இல் ஆடினார். அது அவருடைய 14ஆவது அணி. இன்னொரு பிட்சரான ஆக்டாவியோ டோடெலின் 13 அணிகள் என்ற சாதனை அதோடு முறிந்தது.

தமிழில் எப்படிச் சொல்வது? நாள்கூலி என்றால் வேர்ப்பொருள் கிடைக்கும், தொழில்தேர்ச்சி போய்விடும். நாடோடி வீரர் என்றால் நிலையில்லாதவர் என்ற தொனி வரும். அணிமாறி என்பது இன்னும் மோசம், கட்சிமாறிதான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட்டக்காரரைக் கேட்காமலேயே கிளப்புகள் கைமாற்றுகின்றன. மாறியது அவர் குற்றமில்லை.

ஆயிரம் பிறை கண்டவர் என்கிறோமே, அந்த வழியில் ‘பல அணி கண்டவர்’ என்பதே சரியென்பேன். காணுதல் என்ற வினையில் அனுபவமும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன. எண்ணிக்கை தெரிந்தால் இன்னும் வசதி: எட்வின் ஜாக்சன் 14 அணிகள் கண்ட பிட்சர், 2025இல் கான்சாஸ் சிட்டி அணிக்கு ஆடியதன் மூலம் பிட்சர் ரிச் ஹில்லும் 14 அணிகள் கண்டவரானார்.