எலி ஏறாத தீவு

சீஷெல்ஸ் நாட்டில் பிரலின் தீவிலிருந்து கசின் தீவுக்குப் படகில் போனால், கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே படகு நின்றுவிடும். எதிரே வெள்ளை மணல் தெரிகிறது, அதற்குப் பின்னால் காடு, மேலே ஆயிரக்கணக்கில் பறவைகள், ஆனால் நாம் வந்த படகு அதற்கு மேல் ஓர் அடி நகராது. தீவின் காவலர்கள் தங்கள் சொந்தப் படகைக் கொண்டுவந்து நம்மை அதில் ஏற்றிக்கொள்வார்கள். படகுத்துறை கிடையாது என்பதால், அலையைப் பார்த்து ஒரே வேகத்தில் ஓட்டி மணல்மேல் படகை ஏற்றிவிடுவார்கள். வெளியிலிருந்து வரும் எந்தப் படகும் இந்தக் கரையைத் தொடக்கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், எலிக்காகத்தான். ஒரே ஒரு சினை எலி கயிற்றுச் சுருளுக்குள் ஒளிந்து வந்து இறங்கினாலும் போதும், இந்தத் தீவின் கதையும், அதைச் சுற்றியுள்ள கடலின் கதையும் மாறிவிடும்.

கசின் மிகச் சின்னத் தீவு, சுமார் 27 ஹெக்டேர்தான். நிதானமாக நடந்தாலும் ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். தீவும், அதைச் சுற்றி 400 மீட்டர் கடலும் காப்பகம், அங்கே மீன் பிடிக்கக் கூடாது. ஒரு காலத்தில் இது தென்னந்தோப்பு. 1968இல் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இதை விலைக்கு வாங்கியது, அதற்கு ஒரு குட்டிப் பறவைதான் காரணம். சீஷெல்ஸ் கதிர்க்குருவி அப்போது உலகம் முழுக்கச் சேர்த்தும் 30க்கும் குறைவாகத்தான் இருந்தது, அத்தனையும் இந்த ஒரு தீவில். தென்னையை அகற்றி, பழைய காடு தானே எழும்பி வர வழிவிட்டார்கள். இலையின் அடிப்பக்கத்துப் பூச்சிகளைத் தின்று வாழும் பறவை அது, இலை வந்ததும் குருவியும் பெருகியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறு தீவுகளிலும் கொண்டுபோய் விட்டு, இன்று ஐந்து தீவுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

அந்தக் காட்டின் முக்கியமான மரத்தை நமக்கு நன்றாகவே தெரியும். பைசோனியா என்கிறார்கள், நம் வீட்டு வாசல்களில் வெளிர்பச்சை இலையோடு நிற்கும் நச்சுக்கொட்டைக் கீரை மரம்தான் அது. நாம் கூட்டுக்குப் பறிக்கும் அந்த மரத்தில் கசின் தீவில் நாடி என்கிற ஆலா இனம் பல்லாயிரக்கணக்கில் கூடு கட்டுகிறது. மரத்தின் விதையில் பிசின் மாதிரி ஒட்டும் பசை உண்டு. அது இறகில் ஒட்டிக்கொண்டு பறவையோடு அடுத்த தீவுக்குப் போகும். சில நேரம் அளவுக்கு மீறி ஒட்டி, பறக்க முடியாமல் பறவை கீழே விழுந்து செத்துப்போவதும் நடக்கிறது. அந்தச் சடலம் விதைக்கு உரமாகும், அதற்குத்தான் மரம் இப்படிச் செய்கிறது என்று ஒரு கருத்து இருந்தது. கசின் தீவிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள், சடலத்தால் விதைக்குப் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. உயிரோடு பறந்து போகும் பறவைதான் மரத்துக்கு லாபம்.

சரி, எலிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நிலத்தில் வேட்டையாடும் பாலூட்டிகளே இல்லாத தீவுகளில் பழகிய பறவைகள் இவை. வெள்ளை ஆலா கூடே கட்டாது. வெறும் கிளையில் லேசான பள்ளமோ கணுவோ பார்த்து ஒரே ஒரு முட்டையை அப்படியே வைத்துவிடும், பார்க்கிற நமக்குத்தான் இதோ விழப்போகிறது என்று பதறும். நீண்ட வெள்ளை வால் கொண்ட டிராபிக்பேர்டு மரத்தடியில் தரையிலேயே உட்கார்ந்து அடைகாக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் நாம் கடந்து போனாலும் எழுந்து ஓடாது. ஷியர்வாட்டர்கள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. தப்பி ஓடவோ ஒளிக்கவோ தேவையே இல்லாமல் வாழ்ந்த உயிர்கள், எலி வந்தால் முட்டையும் குஞ்சும் மிஞ்சாது.

இந்தப் பறவைகள் இரை தேடுவது கரையோரத்தில் அல்ல, வெகு தூரத்துத் திறந்த கடலில். சூரை மீன் கூட்டம் கீழிருந்து விரட்டும்போது மேலே வரும் சின்ன மீன்களைக் கொத்தித் தின்றுவிட்டுத் தீவுக்குத் திரும்பி எச்சமிடுகின்றன. அதாவது, பரந்த கடலில் சிதறிக் கிடக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தினமும் பொறுக்கிச் சேர்த்து ஒரே இடத்தில் கொட்டுகின்றன. பறவை எச்சத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் யூரிக் அமிலமாக இருக்கும். மண்ணின் நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மரம் உறிஞ்சியது போக மீதி மழையில் கரைந்து, மணலுக்கடியில் கசிந்து கடலுக்குப் போகிறது. அங்கே பாசி, பாசியைத் தின்னும் மீன், பவளம் என்று வரிசையாகப் பங்கு கிடைக்கிறது.

வேடந்தாங்கல் விவசாயிகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் வயல் நன்றாக விளையும் என்று தெரிந்துதான், பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். கடலில் இதே கணக்கைத் தெளிவாக அளந்து காட்டியது 2018இல் வந்த ஓர் ஆய்வு. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி இருக்கும் ஆறு தீவுகளையும் எலி இல்லாத ஆறு தீவுகளையும் ஒப்பிட்டார்கள். எலி இல்லாத தீவுகளில் கடற்பறவை அடர்த்தி 760 மடங்கு, மண்ணில் வந்து சேரும் நைட்ரஜன் 251 மடங்கு. சுற்றியுள்ள பவளப்பாறையில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம்.

அந்த நைட்ரஜன் பறவையிடமிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? நைட்ரஜனில் எடை கூடிய ஒரு வகை உண்டு, நைட்ரஜன் 15. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக அது உடலில் கூடிக்கொண்டே போகும். மீன் தின்னும் பறவையின் எச்சத்தில் அதன் பங்கு அதிகம், கிட்டத்தட்ட முத்திரை குத்தின மாதிரி. எலி இல்லாத தீவின் மண், செடி, கடற்பஞ்சு, பாசி, மீன் என்று எல்லாவற்றிலும் அந்த முத்திரை இருந்தது.

இதைப் படிக்கும் யாருக்கும் ஒரு கேள்வி வரும். ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் கடலில் கலந்தால் பவளம் சாகிறது, பறவை எச்சம் மட்டும் எப்படி நல்லது? காரணம் விகிதம். சாக்கடையிலும் ரசாயன உரத்திலும் வருவது பெரும்பாலும் அளவு மீறிய நைட்ரஜன். அதற்கு ஈடான பாஸ்பரஸ் கிடைக்காதபோது பவளத்துக்குள் வாழும் நுண்பாசி சத்துக்குறைவில் தவித்து, சூட்டைத் தாங்க முடியாமல் போகிறது. எச்சத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன, அதுவும் சொட்டுச்சொட்டாக. பறவைகள் நிறைந்த தீவுகளின் ஓரத்தில் மான்கொம்பு போல் கிளைக்கும் அக்ரோபோரா பவளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்வதாகப் பிறகு வந்த ஆய்வு காட்டியது.

ஆனால் எச்சத்தால் கடல் வெப்பத்தைத் தடுக்க முடியாது, இதையும் சொல்லியாக வேண்டும். 1998இல் கடல் சூடானபோது கசினைச் சுற்றியிருந்த பவளமும் பெருமளவு வெளுத்து இறந்தது. 2010 முதல் அங்கே வேறொரு வேலை நடக்கிறது. வெப்பத்தில் தப்பிய பவளங்களிலிருந்து சின்னத் துண்டுகளை எடுத்து, தண்ணீருக்குள் கட்டிய கயிறுகளில் நாற்றங்கால் போல வளர்த்து, தேறியதும் பாறையில் நடுகிறார்கள். இப்படி வளர்த்தவை 40,000 துண்டுகளுக்கு மேல்.

தரைக்குத் திரும்பினால், காலடியில் எங்கு பார்த்தாலும் அரணைகள். மேலே கூட்டிலிருந்து ஒரு மீன் தவறி விழும் சத்தம் கேட்டதும் நாலு பக்கமிருந்தும் சருகு சலசலக்க ஓடிவரும், இழுபறி முடிந்து அரை நிமிடத்தில் மீன் இருந்த தடமே இருக்காது. இந்த அளவுக்கு அரணைகள் அடர்ந்திருப்பதற்கும் காரணம் அந்தக் கடல் மீன்தான்.

போவதாக இருந்தால் வார நாளில் காலையில்தான் அனுமதி, இரவு தங்க முடியாது. கொசு ஏராளம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் முன் பையை ஒரு முறை கவிழ்த்து உதறிப் பாருங்கள், விதையோ எறும்போ உங்களோடு வர வேண்டாம். செப்டம்பரிலிருந்து ஜனவரிக்குள் போனால் அழுங்காமையைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் இருட்டியபின் கரையேறும் அந்த ஆமை சீஷெல்ஸில் பட்டப்பகலிலேயே மணலேறி முட்டையிடுகிறது. கடலில் பவளத்தோடு இடத்துக்குப் போட்டி போடும் கடற்பஞ்சுகள்தான் அதன் முக்கிய உணவு. அது ஏறி வந்தால் அதன் முகத்துக்கு எதிரே போகாமல், பின்பக்கம் தள்ளி அசையாமல் நில்லுங்கள். குழி தோண்டும்போது பின்துடுப்பை ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளங்கையில் அள்ளுவது போல ஈர மணலை எடுத்து வெளியே வைக்கும். மூடும்போது முன்துடுப்பால் வீசும் மணல் உங்கள் காலில் வந்து விழும்.