ப்ரீசெட் பென் டிரைவில் இருக்கிறது, சரி. மற்றது எங்கே?

வேலூரில் மே மாதம் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் திடீரென்று இடி இடிக்கும். ஊருக்கே அது சந்தோஷம். எனக்கு மட்டும் மறுநாள் காலை போன் வரும். குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு பக்கம் ஒலிபரப்புக் கருவிகளைப் பராமரிப்பது என் பிழைப்பு.

அப்படி ஒரு இடியில் ஒரு சமுதாய வானொலியின் ஆடியோ பிராசஸர், அதாவது ஒலியைச் சீராக்கி டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் பெட்டி, படுத்துவிட்டது. சர்வீசுக்குப் போய் போர்டு மாற்றி வந்தபோது, உள்ளே இருந்த செட்டிங் அத்தனையும் அழிந்து, புதுப் பெட்டி போல நின்றது. ஆபரேட்டர் தம்பி பதறவே இல்லை. "ப்ரீசெட் பென் டிரைவ்ல இருக்குண்ணா" என்றான், சேமித்து வைத்த ஒலி செட்டிங்கை. ஏற்றினான், ஒலி வந்தது, நிகழ்ச்சி தொடங்கியது. அரை மணியில் ஒரு நேயர் கூப்பிட்டார்: "சவுண்டு ஒரு மாதிரியா கீது சார், காது கூசுது."

போய் ஸ்டூடியோ ஹெட்போனில் கேட்டேன், குறையே தெரியவில்லை. எதிரே டீக்கடை ரேடியோவில் கேட்டால் அறிவிப்பாளர் 'சத்துவாச்சாரி' என்று சொல்லும்போதே பாம்பு சீறுவது போல இருந்தது. வாய்ப்பாட்டு அதைவிட மோசம்.

காரணம் ப்ரீ-எம்ஃபசிஸ். எப்எம்மில் இரைச்சலைக் குறைக்க, மேல் ஸ்தாயி ஒலிகளைத் தூக்கி அனுப்புவோம். வீட்டு ரேடியோ அதே அளவு இறக்கிக்கொள்ளும். இந்தியாவில் இந்த அளவு 50 மைக்ரோ செகண்ட், அமெரிக்காவில் 75. அழிந்துபோன பெட்டி 75-க்குப் போய் உட்கார்ந்திருந்தது. 10 கிலோஹெர்ட்சில் மட்டும் சுமார் 3.3 டெசிபல் கூடுதல். ஹெட்போனுக்கு வரும் ஒலியில் இந்தத் தூக்கல் இல்லாததால் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

தம்பி மேல் தப்பில்லை. ப்ரீசெட்டைக் காப்பி எடுத்தால் எல்லாம் எடுத்தாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தப் பெட்டிகளில் இரண்டு விதமான செட்டிங் உண்டு. சத்தத்தை அடக்கும் கம்ப்ரஸர், லிமிட்டர், ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்யூ என்று நம் காதுக்குப் பிடித்தபடி திருகி வைத்தது ப்ரீசெட். உள்ளே வரும் ஒலியின் அளவு, டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் அளவு, ப்ரீ-எம்ஃபசிஸ், ஸ்டீரியோவுக்கான 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னல், ஐபி முகவரி, எந்த நேரத்துக்கு எந்த ப்ரீசெட் என்ற அட்டவணை எல்லாம் செட்டப். பெரும்பாலான கருவிகளில் இவை தனித்தனியாகச் சேமிக்கப்படும். அன்றைக்கு ப்ரீ-எம்ஃபசிஸை ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டோம். வெளியீட்டு அளவுதான் படுத்தியது. குறைந்தால் ரேடியோவில் சத்தம் தாழும்; கூடினால் டீவியேஷன் (அலைவரிசை நடுவிலிருந்து விலகும் அளவு) 75 கிலோஹெர்ட்சைத் தாண்டிப் பக்கத்து அலைவரிசைக்காரருக்குத் தொல்லை. பழைய எண்ணை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த விலகலைக் காட்டும் மாடுலேஷன் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து அளந்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

பழைய டிஜிட்டல் மிக்ஸர்களில் இன்னொரு வம்பு. சிலவற்றின் நினைவகம், கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற 3 வோல்ட் காசு பாட்டரியை நம்பி இருக்கிறது. அது தீர்ந்தால், அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் துடைத்துவிடும். 'லோ பாட்டரி' என்று திரையில் வந்தும் ஓகே அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை மாற்றப் போகும் முன்னாலும் செட்டிங்கை வெளியே எடுத்துவிடுங்கள், பாட்டரியைக் கழற்றும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே போய்விடலாம்.

கம்பெனி ப்ரீசெட்டைத் திருத்தினால் வேறு பெயரில் சேமியுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், சின்னதாக, தேதியோடு. 'நியூ', 'நியூ1', 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே புரியாது. ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு ஏற்காமல் போகலாம். பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்கட்டும், பல கருவிகளுக்கு வேறு புரியாது. இன்னொரு காப்பி நிலையத்துக்கு வெளியே, மெயிலிலாவது இருக்கட்டும். பென் டிரைவைப் பிராசஸரிலேயே செருகி வைத்திருந்து, இடியில் இரண்டும் சேர்ந்து போன கதையும் உண்டு.

எடுத்த காப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கிறவர்தான் குறைவு. ராத்திரி ஒலிபரப்பு முடிந்த பிறகு ஒரு தடவை திரும்ப ஏற்றிப் பாருங்கள். அப்புறம், குமிழ் வைத்த பழைய அனலாக் பெட்டிக்கு ஃபைல் ஏது? போனில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள்.

அந்த நிலையத்தில் இப்போது கருவிகளை அடுக்கிய ராக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 50 மைக்ரோ செகண்ட், பைலட் 9 சதவீதம், வெளியீட்டு அளவு, ஐபி முகவரி. கீழே தம்பியின் கையெழுத்தில், கடைசியாக ஏற்றிப் பார்த்த தேதி.