அப்போப்டோசிஸ்: உயிரணு உதிர்வு

மாசி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் வேப்பமரத்தடியைக் கூட்டிக் கூட்டியே கை ஓய்ந்துவிடும். அப்பத்தா முகப்பைக் கூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி ஒரு கூடை இலை கிடக்கும். மரம் செத்துப்போச்சா என்று சின்ன வயதில் கேட்டேன். "கொழுந்துக்கு இடம் விடுதுடா" என்றாள். அப்போப்டோசிஸ் என்ற மருத்துவச் சொல்லும் இந்த இலைக் குப்பையிலிருந்து வந்ததுதான்.

கிரேக்கத்தில் 'அப்போ' என்றால் விலகி, 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். இலையும் பூவிதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல் இது. 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் உயிரணு (செல்) தானாக ஒடுங்கிச் சாவதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். எடுத்துக் கொடுத்தவர் அபர்தீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். இரண்டாவது 'ப்' ஒலிக்கக் கூடாது என்று அப்போதே குறிப்பும் எழுதினார்கள். யார் கேட்கிறார்கள்!

அடிபட்டோ ரத்த ஓட்டம் நின்றோ சாகும் உயிரணு பெரும்பாலும் வீங்கி வெடிக்கும். சுற்றிலும் அழற்சி உண்டாகும். காற்றில் பச்சைக் கிளை முறிவது மாதிரி அது. அப்போப்டோசிஸில் உயிரணு சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரியும். அவற்றைப் பக்கத்து உயிரணுக்கள் விழுங்கிவிடும். கருவில் நம் விரல்களுக்கு நடுவே இருந்த சதை இப்படித்தான் மறைந்தது.

புற்றுநோய் உயிரணுவோ உதிர மறுக்கிறது. அதை உதிர்க்கக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து, சிறுநீரக நுண்குழாய் உயிரணுக்களையும் சேர்த்து உதிர்த்துவிடும். உறுப்பைக் காக்க முயலும் ஆய்வாளரின் சிக்கல் இங்கேதான்: சிறுநீரகத்தில் உதிர்வைத் தடுக்க வேண்டும், அந்தத் தடுப்பு புற்றுநோய்க் கட்டிக்கும் கவசமாகிவிடக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உயிரணுத் தற்கொலை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. தற்கொலை என்றதும் ஒட்டிக்கொள்ளும் துயரம் அப்பத்தா வீட்டு வேம்பில் இல்லையே. 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' தவறில்லை. ஆனால் அது இதைவிட அகலமான பொருளுக்கு உரிய பெயர். பழந்தமிழில் 'வீ' என்று ஒரு சொல் இருக்கிறது. உதிரும் பூவும் வீ, சாவதும் வீதல். கிரேக்கச் சொல் உவமையால் சொன்னதை இந்த ஓரெழுத்து நேராகவே சொல்லிவிடுகிறது. என்ன, இன்று 'உயிரணு வீ' என்றால் மருத்துவருக்கும் புரியாது, நோயாளிக்கும் புரியாது. அதனால் என் ஓட்டு 'உயிரணு உதிர்வு'க்குத்தான்.