ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: வம்பு எங்கே தொடங்குகிறது?

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடித்தால் ஆள் மாறும். காலையில் நடந்த உரசலைப் பார்த்தவர் ஒருவர். மதியம் அது கைகலப்பாகும்போது வகுப்பில் நிற்பவர் இன்னொருவர். பெரும்பாலான வம்புகள் பாடம் நடக்கும்போது பிறப்பதும் இல்லை. ஓர் ஆசிரியர் வெளியேறி அடுத்தவர் வருவதற்குள் இருக்கும் இரண்டு மூன்று நிமிடம், இன்டர்வெல், கழிப்பறை வாசல், சத்துணவு வரிசை, பள்ளி விட்டதும் கேட்டுக்கு வெளியே. கண்காணிப்பு இங்கேதான் வேண்டும்.

நம் பள்ளிகளில் முதல் படி பல நேரம் அப்பா பெயர்தான். ஒருவனுடைய அப்பா பெயரைத் தெரிந்துகொண்டு, அதையே சொல்லி அவனைக் கூப்பிடுவார்கள். பெரியவர்கள் இதை விளையாட்டு என்று விட்டுவிடுகிறோம். விடக் கூடாது. அப்பா பெயரிலிருந்து அப்பாவின் தொழிலுக்குப் போவார்கள், தொழிலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து சாதிக்கு. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் கையில் கட்டும் கயிற்றின் நிறம் வரை இது வந்துவிடும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்றவற்றைத் தடுக்கவும் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. மேல்நிலை வகுப்பில் கயிற்றை அவிழ்க்கச் சொல்வதைவிட, ஆறாம் வகுப்பில் அப்பா பெயரை நிறுத்துவது எளிது.

நாமே வளர்த்துவிடும் ஒரு வழக்கமும் உண்டு. ஆசிரியர் இல்லாத பீரியடில் லீடர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி, பெயர்களைப் போட்டு, மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது. வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் லீடரின் நண்பன் பெயர் அழிக்கப்படும், பேனா கொடுத்தவன் பெயர் ஏறவே ஏறாது, பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து குறி இருக்கும். அந்தப் பட்டியலை நம்பி ஆசிரியர் தண்டித்தால், அன்று மாலை கேட்டுக்கு வெளியே கணக்குத் தீர்க்கப்படும். லீடருக்கு நோட்டு அடுக்கும் வேலை போதும்.

இந்த வயதில் ஒரு பிள்ளை செய்யும் சேட்டைக்குப் பார்வையாளர் நாம் அல்ல, பக்கத்து பெஞ்ச். அதனால் எல்லார் முன்னாலும் “எழுந்திரு, என்ன சொன்ன?” என்று கேட்பது அவனுக்கு மேடை போட்டுக் கொடுப்பதாகும். பின்வாங்கினால் கெத்து போய்விடும். எனவே எதிர்த்துப் பேசுவான். பட்டப்பெயர் காதில் விழுந்தால் பாடத்தை நிறுத்தாமல் அவன் பெஞ்ச் அருகே போய் நில்லுங்கள். சீண்டப்பட்ட பிள்ளையை அதன் முழுப் பெயர் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். பீரியட் முடிந்ததும் இருவரையும் தனித்தனியாக வராந்தாவில் இரண்டு நிமிடம் கேளுங்கள், சீண்டப்பட்டவரை முதலில். யார், என்ன சொல், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்ற நான்கையும் தேதியோடு குறித்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். “சாரி சொல்லு, கை குடு” என்று அங்கேயே முடித்துவைப்பதால் பயனில்லை. கை கொடுத்தவன் படிக்கட்டில் தோள் இடிப்பான். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கேட்பதுதான் வேலை செய்யும். நாம் மறக்கவில்லை என்று இருவருக்குமே தெரிய வேண்டும்.

முட்டி போட வைப்பது, வகுப்பு முன் கேலி செய்வது, அடிப்பது எல்லாமே கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. சட்டம் இருக்கட்டும், ஆசிரியர் வாயிலிருந்து வந்த கேலி அடுத்த இன்டர்வெல்லில் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

சாதி, உடம்பைத் தொடுவது, பிளேடு, கவராயம், மார்ஃப் செய்த படம், இவற்றில் எது வந்தாலும் வகுப்பறையில் வைத்துப் பஞ்சாயத்து பேசக் கூடாது. அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்தில் போக வேண்டும். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். பள்ளிக்குள் சமரசம் பேச யாருக்கும் அதிகாரம் இல்லை.

பெற்றோருக்கு: இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. ஏழாம் வகுப்பில் பலருக்கு 12தான் ஆகியிருக்கும், ஆனாலும் அம்மா போனில் வகுப்பு குரூப் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால் ஏன் என்று கேளுங்கள். கழிப்பறைப் பக்கம் போகப் பயந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. “என்ன படிச்ச?” என்பதோடு “மதியம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட?” என்றும் கேளுங்கள். பதில் தினமும் “யாரும் இல்ல” என்று வந்தால், பள்ளி முடிந்த பிறகு வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். கேட்டருகே மற்றப் பிள்ளைகள் முன் பேச வேண்டாம். பள்ளியில் கவனிக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் பிள்ளையே அழைக்கலாம்; எண்களை நோட்டின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.