சட்டம் கறுப்பு, கையெழுத்து பழுப்பு

1791 நவம்பர் 4. ஒஹாயோ பகுதிக்குள் போன அமெரிக்கப் படையைப் பூர்வகுடிகளின் கூட்டுப்படை நொறுக்கிவிட்டது. செத்த சிப்பாய்கள் மட்டும் 600-க்கு மேல். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் எல்லைப்புறப் பாதுகாப்புச் சட்டம். கூடுதலாக மூன்று ரெஜிமென்டுகள் திரட்ட வழிசெய்த அதற்கு, 1792 மார்ச் 5-ல் ஜார்ஜ் வாஷிங்டன் ஒப்புதல் தந்தார். மாநிலங்களுக்குப் போக வேண்டிய அச்சுப் பிரதிகளில் கையெழுத்துப் போடுவது அன்றைய வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனின் வேலை.

அந்தக் காலத்துத் தாள்களை உற்றுப் பாருங்கள். அச்செழுத்து இன்னும் கறுப்பாக இருக்கும். கையெழுத்து பெரும்பாலும் பழுப்பேறியிருக்கும். காரணம் மையில் இருக்கிறது.

அச்சு மை என்பது விளக்குக்கரியும் ஆளிவிதை எண்ணெயும். கரி எத்தனை வருஷமானாலும் கரிதான். பேனா மையின் கதை வேறு. மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின் என்று நம்மூர் நாட்டு மருந்துக் கடையிலேயே அதன் சரக்கை வாங்கிவிடலாம். மாசிக்காய் பேர்தான் காய். ஓக் மரத்தில் ஒரு சின்னக் குளவி முட்டையிட, அந்த இடம் வீங்கி உருண்டையாவது. உள்ளே முழுக்கத் துவர்ப்பு, அதாவது டானின். அன்னபேதி இரும்பின் உப்பு. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப் போகிறதே, அதே வேதியியல்தான்.

புதிதாய்க் கலக்கிய மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். தாளின் நாருக்குள் இறங்கிய பிறகு காற்றின் ஆக்சிஜன் பட்டு, இரும்பு தன் நிலை மாறி, நீரில் கரையாத கறுப்புச் சேர்மமாகிறது. கழுவினால் போகாது, கத்தியால் சுரண்டினால்தான் உண்டு. அரசாங்கத் தாள்களுக்கு இதை விரும்பியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்த மை அமிலம். மிஞ்சிய இரும்பும் சேர்ந்து தாளின் செல்லுலோஸை அரிக்கும். தடித்த கோடுகள் சில தாள்களில் ஓட்டையாகவே உதிர்ந்திருக்கின்றன. கந்தல் துணியில் செய்த கெட்டித் தாள் என்பதால்தான் பல பிரதிகள் தப்பின. அப்புறம் வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுப்புச் சேர்மம் சிதைய, துரு நிறம் மிஞ்சுகிறது.

மங்கிய கையெழுத்தைப் புற ஊதா ஒளியில் வைத்தால் மறுபடி கருமையாகத் தெரியும். அகச்சிவப்புக் கேமராவில் நேர்மாறு: அச்சடித்த சட்டம் பளிச்சென்று நிற்க, ஜெஃபர்சன் காணாமல் போய்விடுவார்.